ஆட்டிசத்துக்குப் பெயர் வைத்தவர், அம்மாக்கள் மீது பழி விழவும் காரணமானவர்: யார் இந்த லியோ கானர்?

குழந்தைக்கு இரண்டரை வயசு ஆகிவிட்டது. இன்னும் பேச்சு வரவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு குடும்பம் இப்படிக் கவலைப்பட ஆரம்பிக்கும்போது, வீட்டில் முதலில் எழும் கேள்விகள் பெரும்பாலும் அம்மாவைச் சுற்றியே இருக்கும். வேலைக்குப் போனதாலா? கையில் போனைக் கொடுத்துப் பழக்கியதாலா? குழந்தையிடம் சரியாகப் பேசாமல் விட்டதாலா?

இந்தப் பழிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஒரு காலத்தில் இதைச் சொன்னது சொந்தக்காரர்கள் மட்டுமல்ல, பெரிய பெரிய டாக்டர்களும்தான். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் அம்மாக்கள் பாசமற்றவர்கள், குளிர்ந்து உறைந்துபோன மனம் கொண்டவர்கள் என்று அமெரிக்காவில் ஏறக்குறைய 20 ஆண்டுகள் நம்பப்பட்டது. அவர்களுக்கு 'ஃப்ரிட்ஜ் அம்மா' என்ற பட்டப்பெயர்கூட இருந்தது.

அந்த நம்பிக்கை உருவாகக் காரணமாக இருந்தவரும், பிறகு மேடையேறி அதைத் தகர்க்க முயன்றவரும் ஒரே ஆள். டாக்டர் லியோ கானர். ஆட்டிசத்தை ஒரு தனி நிலையாக உலகுக்கு அடையாளம் காட்டியவர். அவர் எதைச் சரியாகப் பார்த்தார், எங்கே சறுக்கினார், இன்றைய மூளை அறிவியல் என்ன சொல்கிறது? பார்க்கலாம்.

கவிஞராக ஆசைப்பட்ட டாக்டர்

லியோ கானர் 1894 ஜூன் 13 அன்று ப்ரோடி நகருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சின்ன ஊரில், யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது அது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் எல்லைப்புறம். இன்று உக்ரைன். சிறுவனாக இருக்கும்போதே பெர்லினுக்கு வந்துவிட்டார்.

அவருக்குப் பிடித்தது கவிதை. ஆனால் எழுதிய கவிதைகள் அச்சேறவில்லை. மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். முதல் உலகப்போர் வந்தது. படிப்பு பாதியில் நின்று, ராணுவ மருத்துவப் பிரிவில் வேலை பார்த்தார். போர் முடிந்த பிறகு, 1921-ல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். முதலில் அவர் இறங்கியது இதய மருத்துவத்தில். மனநலத்தோடு அவருக்குப் பெரிய தொடர்பு எதுவும் கிடையாது.

1923-ல் ஜெர்மனியில் பணவீக்கம் எல்லை மீறிப் போனது. காலையில் வாங்கிய சம்பளம் மாலைக்குள் மதிப்பிழந்த காலம் அது. அடுத்த ஆண்டே கானர் மனைவியோடும் கைக்குழந்தையோடும் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். கிடைத்த வேலை, தெற்கு டகோட்டா மாநிலத்தில் யாங்க்டன் என்ற ஊரின் அரசு மனநல மருத்துவமனையில். மனநல மருத்துவத்தை வேலை பார்த்துக்கொண்டேதான் கற்றுக்கொண்டார்.

1928-ல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு அழைப்பு வந்தது. அங்கே மனநலத் துறையின் தலைவர் அடால்ஃப் மெயர். அவரும் குழந்தைகள் நலத் துறைத் தலைவர் எட்வர்ட்ஸ் பார்க்கும் சேர்ந்து, குழந்தைகள் மருத்துவமனைக்குள்ளேயே ஒரு மனநலப் பிரிவைத் தொடங்க நினைத்தார்கள். 1930-ல் அந்தப் பொறுப்பு கானரிடம் வந்தது. குழந்தைகள் மனநலம் என்ற துறையே அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. 1935-ல் அந்தத் துறைக்கு அவர் எழுதிய ஆங்கிலப் பாடநூல், பல பதிப்புகள் கண்டு, பல தலைமுறை டாக்டர்களுக்குப் பாடமானது.

வாயில்லாதவர்களுக்காகப் பேசியவர்

ஆட்டிசத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் கானர் முக்கியமான ஆள்தான். அதற்கு இரண்டு சம்பவங்கள் போதும்.

முதலாவது, 1937. மேரிலாந்து மாநிலத்தில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான ரோஸ்வுட் என்ற அரசு இல்லம் இருந்தது. அங்கிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களை, ஒரு வக்கீலும் ஒரு நீதிபதியும் ஆட்கொணர்வு மனு வழியாக 'விடுதலை' செய்து, பணக்காரர்களின் வீடுகளுக்குச் சம்பளமில்லாத வேலைக்காரிகளாக அனுப்பியிருக்கிறார்கள். பிடிக்காவிட்டால் தெருவில் விட்டுவிடுவார்கள். அந்தப் பெண்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று தேடித் தொகுத்து, மனநல மருத்துவர்கள் மாநாட்டில் கானர் போட்டு உடைத்தார். பத்திரிகைகளில் பெரிய செய்தியானது.

இரண்டாவது, 1942. அறிவுசார் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளைக் கருணைக்கொலை செய்துவிடலாம் என்று ஃபாஸ்டர் கென்னடி என்ற நரம்பியல் டாக்டர் அமெரிக்காவில் வாதிட்டார். அதே இதழில் எதிர்வாதம் எழுதியவர் கானர். அன்றாட வாழ்க்கை எத்தனையோ எளிய வேலைகளால் நகர்கிறது, அந்த வேலைகளைச் செய்பவர்களை மட்டம் தட்ட நமக்கு என்ன உரிமை என்பது அவர் வாதத்தின் சாரம். அந்த நேரத்தில் ஐரோப்பாவில் நாஜிகள் ஊனமுற்றோரைக் கொன்றுகொண்டிருந்தார்கள் என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால் இதன் கனம் புரியும். நாஜிகளிடமிருந்து தப்பிக்க நினைத்த யூத டாக்டர்கள் பலர் அமெரிக்கா வருவதற்கும் கானர் உதவினார்.

இன்னொன்றும் இருக்கிறது. 1941-ல் பொதுமக்களுக்காக ஒரு நூல் எழுதினார். குழந்தை வளர்ப்பு நிபுணர்கள் ஓயாமல் குற்றம் கண்டுபிடித்து அம்மாக்களை வதைக்கிறார்கள், அதிலிருந்து அம்மாக்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் அதன் மையக் கருத்து. ஆமாம், பின்னாளில் அம்மாக்கள் மீது பழி விழக் காரணமான அதே கானர்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

33 பக்கக் கடிதம்

1938-ல் மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரிலிருந்து கானருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பீமன் டிரிப்லெட் என்ற வக்கீல். தட்டச்சு செய்த 33 பக்கங்கள். எல்லாமே அவருடைய ஐந்து வயது மகன் டொனால்டைப் பற்றி.

டொனால்ட் இரண்டு வயதிலேயே பைபிள் சங்கீதத்தை ஒப்பிப்பான். பாட்டுகளைச் சுருதி தப்பாமல் பாடுவான். ஆனால் அம்மா அப்பா வந்தாலும் போனாலும் கண்டுகொள்ள மாட்டான். தட்டு, மூடி, கட்டை என்று கையில் கிடைத்ததைச் சுழலவிட்டுப் பரவசமாவான். ஒரே செயல் ஒவ்வொரு முறையும் அதே வரிசையில் நடக்க வேண்டும். கொஞ்சம் மாறினாலும் பெரும் ரகளை.

டாக்டர்களின் ஆலோசனைப்படி டொனால்டை மூன்று வயதில் ஒரு காப்பகத்தில் விட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். பிள்ளையை விட்டுவிட்டு, மறந்துவிட்டு, அடுத்த வேலையைப் பாருங்கள் என்பதுதான் பெற்றோருக்குச் சொல்லப்பட்ட புத்திமதி. ஏறக்குறைய ஓராண்டு கழித்து, அங்கிருந்தவர்கள் தடுத்தும் கேட்காமல், பெற்றோர் அவனைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகுதான் பால்டிமோர் பயணம்.

கானர் டொனால்டைப் பார்த்தார். அப்போது தெரிந்த எந்த நோயின் பெயரும் பொருந்தவில்லை. மனச்சிதைவு இல்லை. அறிவுசார் குறைபாடு என்றும் ஒதுக்க முடியவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் இதேபோன்ற இன்னும் பத்துக் குழந்தைகளைப் பார்த்தார்.

1943-ல் அந்த 11 குழந்தைகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைதான் ஆட்டிச வரலாற்றின் திருப்புமுனை. எட்டுப் பையன்கள், மூன்று பெண் குழந்தைகள். இரண்டு பொதுவான அம்சங்களை அவர் பிரித்துக் காட்டினார். ஒன்று, மனிதர்களோடு உறவாடுவதில் வாழ்க்கையின் தொடக்கத்திலிருந்தே இருக்கும் சிரமம். இன்னொன்று, எல்லாம் மாறாமல் அப்படியே இருக்க வேண்டும் என்ற தீவிரமான தேவை. 80 ஆண்டுகள் தாண்டியும், இன்று டாக்டர்கள் ஆட்டிசத்தைக் கண்டறியப் பயன்படுத்தும் அளவுகோல்களின் அடிப்படை இந்த இரண்டும்தான்.

இவர்தான் முதல் ஆளா?

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடலாம். 'ஆட்டிசம்' என்ற சொல்லை உருவாக்கியவர் கானர் அல்ல. சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஆய்கென் ப்ளாய்லர், மனச்சிதைவின் ஓர் அறிகுறியைக் குறிக்க அதை முன்பே பயன்படுத்தியிருந்தார்.

இப்படிப்பட்ட குழந்தைகளை விவரித்த முதல் ஆளும் கானர் அல்ல. மாஸ்கோவில் க்ரூன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர், 1920-களிலேயே ஆறு சிறுவர்களைப் பற்றி மிக நுட்பமாக எழுதியிருக்கிறார். வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944-ல் எழுதினார். ஆஸ்பெர்கரின் மருத்துவமனையில் வேலை பார்த்த கியோர்க் ஃப்ராங்கல் என்ற யூத டாக்டர், கானரின் உதவியால் அமெரிக்கா வந்து, டொனால்டைப் பரிசோதித்தவர்களில் ஒருவராகவும் இருந்தார். யாருக்கு எவ்வளவு பெருமை சேர வேண்டும் என்று வரலாற்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள்.

ஆனாலும் இது ஒரு தனி நிலை, பிறப்பிலேயே வருவது என்று உலகத்தின் கவனத்தைத் திருப்பியது கானரின் கட்டுரைதான்.

எங்கே சறுக்கினார்?

1943 கட்டுரையின் முடிவில் கானர் எடுத்த நிலைப்பாடு தெளிவானது. இந்தக் குழந்தைகள் மற்றவர்களோடு இயல்பாகத் தொடர்பு கொள்ளும் திறனில் பிறவியிலேயே ஒரு குறையோடு வருகிறார்கள் என்றார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பெற்றோரைப் பற்றியும் சில வரிகள் எழுதினார்.

எல்லாரும் படித்தவர்கள், பெரிய வேலையில் இருப்பவர்கள். ஆனால் மனசில் இளக்கம் உள்ளவர்கள் ரொம்பக் குறைவு என்று குறித்தார். இதில் வேதனையான பகுதி ஒன்று உண்டு. பிள்ளையைப் பற்றி நாள்விடாமல் குறித்துவைத்து, பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தார்கள் இல்லையா? அந்தக் குறிப்புகள் இல்லாவிட்டால் கானரின் கட்டுரையே இல்லை. ஆனால் அந்தக் குறிப்புகளையே, பெற்றோரின் மிதமிஞ்சிய பிடிவாத குணத்துக்கு ஆதாரமாகக் காட்டினார். பிள்ளை மீது இருந்த அக்கறைக்கான சாட்சி, பெற்றோருக்கு எதிரான சாட்சியாக மாறிவிட்டது.

அப்போது அமெரிக்க மனநல மருத்துவத்தில் ஃப்ராய்டின் சிந்தனைதான் கோலோச்சியது. பிள்ளைக்கு எது நடந்தாலும் காரணம் அம்மாவிடம் இருக்கும் என்பது கிட்டத்தட்ட பொது விதி. அந்தக் காற்று கானர் பக்கமும் வீசியது. 1948-ல் டைம் இதழ் இந்தக் குழந்தைகளைப் பற்றி எழுதியபோது, உறைபனி போன்ற பெற்றோர் என்ற கோணத்தையே தூக்கிப் பிடித்தது. 1949-ல் கானரே எழுதிய ஒரு கட்டுரையில், பனிக்கட்டி உருகாத ஃப்ரிட்ஜுக்குள் வைக்கப்பட்டது போல இந்தக் குழந்தைகள் வளர்கிறார்கள் என்ற உவமை வந்தது. அந்த ஒரு உவமை கட்டுரையைவிட வேகமாகப் பரவியது.

காரணமும் விளைவும் தலைகீழ்

இவ்வளவு கூர்மையாகக் கவனித்த ஒருவர் எப்படித் தவறினார்? இன்று யோசித்தால் மூன்று காரணங்கள் புரிகின்றன.

ஒன்று, அவரைத் தேடி வந்தவர்கள் யார் என்பது. 1940-களில் தூர மாநிலத்திலிருந்து ரயிலேறி, பால்டிமோரின் புகழ்பெற்ற மருத்துவமனைக்கு வர யாரால் முடியும்? வக்கீல், டாக்டர், பேராசிரியர். ஏழைத் தொழிலாளியின் பிள்ளைக்கும் ஆட்டிசம் இருந்திருக்கும். ஆனால் அந்தப் பிள்ளை கானரின் அறை வாசலுக்கே வந்திருக்காது. வந்தவர்களை மட்டும் வைத்து, படித்த குடும்பங்களுக்கே வரும் நிலை போல ஒரு பிம்பம் உருவாகிவிட்டது.

இரண்டு, ஆட்டிசத்தில் மரபணுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது அப்போது தெரியாது. அதிகம் பேசாத, தனிமையை விரும்பும், நுணுக்கங்களில் மூழ்கும் ஒரு அப்பாவுக்கு ஆட்டிசம் உள்ள பிள்ளை பிறந்தால், அந்தச் சுபாவங்கள் பிள்ளையின் நிலைக்குக் 'காரணம்' ஆகாது. இரண்டு பேருக்கும் பொதுவான மரபு வேராக இருக்கலாம்.

மூன்றாவதுதான் மிக முக்கியம். கானர் பார்த்தது ஒரு உரையாடலின் பாதியை மட்டும். கைக்குழந்தையிடம் அம்மா சிரிக்கிறார், குழந்தை திரும்பச் சிரிக்கிறது, அம்மா இன்னும் பெரிதாகச் சிரிக்கிறார். பந்து விளையாட்டு போல இது போய் வந்துகொண்டே இருக்கும். ஒரு பக்கத்திலிருந்து பந்து திரும்பி வராவிட்டால்? அல்லது மற்றவர்களுக்கு எளிதில் புரியாத விதத்தில் வந்தால்? ஆயிரம் முறை முயன்று பதில் கிடைக்காத அம்மா கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துபோவார், அல்லது விளையாட்டை விட்டுவிட்டுக் கட்டளை போட ஆரம்பிப்பார். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து டாக்டர் முன்னால் வந்து உட்காரும்போது அவர் முகத்தில் இருப்பது களைப்பு. அதைப் பாசமின்மை என்று படித்தார்கள். விளைவைக் காரணமாக எடுத்துக்கொண்டார்கள்.

பழி கொள்கையாக மாறியது

கானர் பற்றவைத்த பொறியை ஊதிப் பெரிதாக்கியவர் சிகாகோவில் மனநலக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கான பள்ளியை நடத்திய புரூனோ பெட்டல்ஹைம். நாஜி வதைமுகாம்களில் கைதியாக இருந்து மீண்டவர். ஆட்டிசம் உள்ள குழந்தையின் வீட்டை அவர் வதைமுகாமோடு ஒப்பிட்டார். குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதுதான் மருந்து என்றார். 1967-ல் வந்த அவருடைய நூல் பெரிய அளவில் விற்றது. டிவியிலும் பத்திரிகையிலும் அவர்தான் நிபுணர்.

இதன் விலை என்னவென்று யோசித்துப் பாருங்கள். பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று கேட்டுப் போன அம்மாவிடம், நீங்கள்தான் காரணம் என்று சொல்லி, அவரையே சிகிச்சைக்கு உட்கார வைத்தார்கள். பேச்சுப் பயிற்சியோ, பள்ளியோ பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. பல குடும்பங்களில் இரண்டாவது குழந்தை பெற்றுக்கொள்ளவே பயந்தார்கள்.

இதே வீட்டில், இதே அம்மா வளர்த்த மற்ற பிள்ளைகளுக்கு ஏன் ஆட்டிசம் இல்லை? இந்த எளிய கேள்விக்கு அந்தக் கொள்கையிடம் உருப்படியான பதில் கிடையாது.

ஒரு அப்பாவின் எதிர்க்குரல்

கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டவர் பெர்னார்ட் ரிம்லாண்ட். அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளராக இருந்தவர், ஆட்டிசம் உள்ள பையனின் அப்பா. தன் மனைவி பாசமற்றவர் அல்ல என்பது அவருக்குக் கண்கூடாகத் தெரியும். கிடைத்த ஆய்வுகளையெல்லாம் படித்து, ஆட்டிசம் மூளை வளர்ச்சி சார்ந்த நிலை என்று 1964-ல் ஒரு நூலில் வாதிட்டார்.

அந்த நூலுக்கு முன்னுரை எழுதிக் கொடுத்தது யார் தெரியுமா? லியோ கானர்.

1965-ல் ரிம்லாண்டும் வேறு சில பெற்றோரும் சேர்ந்து ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்காக ஒரு தேசியச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1969-ல் வாஷிங்டனில் நடந்த அதன் கூட்டத்துக்குக் கானரை அழைத்தார்கள். அப்போது அவருக்கு 75 வயது. அந்த மேடையில் அவர், இது பிறவியிலேயே வரும் நிலை என்று தான் ஆரம்பத்திலேயே எழுதியதை நினைவுபடுத்தினார். பெட்டல்ஹைமின் நூலைச் சாடினார். பிறகு, பெற்றோராகிய உங்களைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறேன் என்ற பொருளில் அறிவித்தார். அரங்கில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். 20 ஆண்டு பாரத்தை இறக்கிவைத்த நிம்மதி அது.

ஆனால் ஒரு உறுத்தல் மிச்சம் இருக்கிறது. தன் சொற்களைப் பிறர் திரித்துவிட்டார்கள் என்ற தொனியில்தான் கானர் பேசினார். ஃப்ரிட்ஜ் உவமை அவர் பேனாவிலிருந்தே வந்தது. பெற்றோரை 'விடுதலை' செய்தவர், குற்றம் சாட்டியதில் தனக்கு இருந்த பங்கை முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை.

1977-ல் சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் இருவரும் பிரிட்டனில் 21 ஜோடி இரட்டையர்களை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு, பழிக் கொள்கைக்குப் பெரிய அடியானது. ஒரே கருவிலிருந்து உருவான 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவிலிருந்து வந்த 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. வளர்ப்பு மட்டுமே காரணம் என்றால் இந்த வித்தியாசம் வராது. மரபணுவின் பங்கு வெளிச்சத்துக்கு வந்தது.

அப்போ பெற்றோருக்குப் பங்கே இல்லையா?

இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. பெற்றோர் ஆட்டிசத்துக்குக் காரணம் இல்லை. ஆனால் குழந்தையின் வளர்ச்சிக்குப் பெற்றோரால் நிறையச் செய்ய முடியும். இரண்டும் வேறு வேறு விஷயம்.

ஒரு உதாரணம். காது கேளாமல் ஒரு குழந்தை பிறக்கிறது. பெற்றோர் பேசாததால் காது போகவில்லை. ஆனால் அவர்கள் சைகை மொழி கற்றுக்கொண்டால் அந்தக் குழந்தையின் உலகமே மாறும். ஆட்டிசத்திலும் கிட்டத்தட்ட இதுதான்.

மூளை பற்றி இப்போது என்ன தெரியும்? அறிகுறிகள் வெளியே தெரிவதற்கு முன்பே மாற்றங்கள் தொடங்கிவிடுகின்றன. அமெரிக்காவில், அண்ணன் அல்லது அக்காவுக்கு ஆட்டிசம் உள்ள கைக்குழந்தைகளை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். பின்னாளில் ஆட்டிசம் உறுதியான குழந்தைகளுக்கு, 6 மாதத்திலிருந்து 12 மாதத்துக்குள் மூளைப் புறணியின் பரப்பு வழக்கத்தைவிட வேகமாக விரிந்திருந்தது. இது 2017-ல் வெளியானது. அதற்கு முன், 2013-ல் வெளியான இன்னொரு ஆய்வில், எதிரில் இருப்பவரின் கண்களைப் பார்க்கும் நேரம், பின்னாளில் ஆட்டிசம் உறுதியான குழந்தைகளுக்கு 2 மாதத்திலிருந்து 6 மாதத்துக்குள்ளேயே குறையத் தொடங்கியது தெரிந்தது.

முதல் சில ஆண்டுகளில் மூளையின் இணைப்புகள் அனுபவத்தால் செதுக்கப்படுகின்றன. முகம் பார்ப்பது, குரல் கேட்பது, மாறி மாறிப் பேசுவது எல்லாம் அந்த அனுபவத்தின் பகுதி. குழந்தை மனித முகங்களை வேறு விதமாகக் கவனித்தால், அந்த அனுபவமும் வேறாக அமைகிறது. குழந்தையின் சின்னச் சின்ன சைகைகளைப் பெற்றோர் பிடித்துக்கொண்டு பதில் சொன்னால், நின்றுபோன பந்து விளையாட்டு மறுபடி தொடங்க வாய்ப்பு இருக்கிறது.

பிரிட்டனில் 2 முதல் 4 வயது வரையிலான 152 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு இதில் முக்கியமானது. குழந்தையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, சிகிச்சையாளரும் பெற்றோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். இதோ இங்கே குழந்தை உங்களைப் பார்த்தது, இங்கே நீங்கள் காத்திருந்தபோது ஒரு சத்தம் கொடுத்தது என்று கண்டுபிடிப்பார்கள். கட்டளைகளைக் குறைத்து, குழந்தை எதைக் கவனிக்கிறதோ அதைப் பற்றிப் பேசப் பழகுவார்கள். அவ்வளவுதான். பயிற்சி முடிந்து சுமார் ஆறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்ற குடும்பங்களின் குழந்தைகளில் 46 சதவீதத்தினர் தீவிர அறிகுறிகள் உள்ள பிரிவில் இருந்தார்கள். வழக்கமான சேவை மட்டும் பெற்ற குழுவில் அது 63 சதவீதம். 2016-ல் இந்த முடிவு வெளியானது.

இதே முறையை நம் ஊர்ச் சூழலுக்கு ஏற்ப மாற்றி, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் சோதித்தார்கள். மருத்துவப் பட்டம் இல்லாத சுகாதாரப் பணியாளர்களைப் பயிற்றுவித்தே இதைச் செய்தார்கள். பெற்றோர் பதில் சொல்லும் விதமும், குழந்தை தானாக உரையாடலைத் தொடங்குவதும் மேம்பட்டன. 2015-ல் வெளியான முடிவு இது.

இவையெல்லாம் ஆட்டிசத்தை 'குணப்படுத்தும்' முறைகள் அல்ல. ஆட்டிசம் நோயல்ல, மூளை வேலை செய்யும் ஒரு விதம் என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் சொல்கிறார்கள். குழந்தையை மாற்றுவதைவிட, அதன் மொழியைப் பெரியவர்கள் கற்றுக்கொள்வதுதான் இந்தப் பயிற்சிகளின் சாரம்.

டொனால்ட் என்ன ஆனார்?

கானர் சொன்னதைவிட டொனால்டின் வாழ்க்கை இதை இன்னும் தெளிவாகச் சொல்லும். 1942-ல் அவரை ஊருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயத் தம்பதியிடம் தங்க வைத்தார் அம்மா மேரி. டொனால்டுக்கு எண்ணுவதில் பைத்தியம். அந்த விவசாயி அவரைத் திட்டவில்லை. உழும்போது சோள வரிசைகளை எண்ணச் சொன்னார். அளப்பதில் ஆசை வந்தபோது, கிணறு வெட்டி அதன் ஆழத்தை அளக்கச் சொன்னார். 1945-ல் நேரில் போய்ப் பார்த்த கானர் அசந்துபோனார்.

டொனால்ட் கல்லூரியில் படித்து 1958-ல் பட்டம் வாங்கினார். ஊரின் வங்கியில் வேலை பார்த்தார். கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், தனியாகவே பல நாடுகள் சுற்றினார். ஊர் அவரை அவர் போக்கில் ஏற்றுக்கொண்டது. 2023 ஜூனில், 89 வயதில் காலமானார்.

எல்லாருக்கும் அப்படி அமையவில்லை. 1971-ல் கானர் தன் 11 குழந்தைகளையும் தேடிப் பார்த்து எழுதினார். அரசுக் காப்பகங்களில் அடைக்கப்பட்டவர்கள், தங்களிடம் இருந்த திறன்களையும் இழந்து வாடிப்போயிருந்தார்கள். காப்பகத்தில் தள்ளுவது ஆயுள் தண்டனைக்குச் சமம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். பாசமற்றவர்கள் என்று ஒருகாலத்தில் குறிக்கப்பட்ட பெற்றோரில், பிள்ளையைக் காப்பகத்திலிருந்து மீட்டு வந்தவர்களும் இருந்தார்கள். அந்த முடிவுதான் டொனால்டைக் காப்பாற்றியது.

லியோ கானர் 1981 ஏப்ரல் 3 அன்று, 86 வயதில், மேரிலாந்தில் இறந்தார். இப்போது ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 2 அன்று உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள் வருகிறது. நீல விளக்குகள், போஸ்டர்கள் எல்லாம் வரட்டும். அதோடு, தெரிந்த வீட்டில் ஒரு குழந்தைக்குப் பேச்சு தாமதமாகிறது என்று கேள்விப்பட்டால், அம்மா என்ன தப்பு பண்ணினார் என்று கேட்காமல் இருக்கலாம். மருத்துவ உலகம் கேட்டுப் பார்த்த கேள்விதான் அது. பதில் தவறு என்று தெரிந்துகொள்ள அதற்கு 20 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்த நேரமெல்லாம் குழந்தைகளின் வயதிலிருந்துதான் போனது. குழந்தை மருத்துவரிடம் சீக்கிரம் காட்டினீர்களா, நான் கூட வரட்டுமா என்று கேட்பது அதைவிட உபயோகமான கேள்வி.